நிச்சயத்துக்கு முன் எவ்வளவு நாள் பழக வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு வேண்டியது ஒரு எண். அதை முதலிலேயே சொல்லிவிடலாம். பெரும்பாலான ஜோடிகளுக்கு ஒன்றரை வருடத்திலிருந்து இரண்டு வருடம் போதும். ஒரு வருடத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். மூன்று வருடத்தைத் தாண்டிவிட்டால், ஏன் தாண்டியது என்று கேட்டால் இருவரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். ஆனால் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான். நான்கு வருடம் கூடவே சுற்றியும், மற்றவருக்கு எவ்வளவு கடன் இருக்கிறது என்பதை நிச்சயம் முடிந்த பிறகு தெரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பதினான்கே மாதத்தில் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்து முடித்தவர்களும் இருக்கிறார்கள்.

எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் ஆண்ட்ரூ ஃபிரான்சிஸ்-டானும் ஹ்யூகோ மியலோனும் திருமணமானவர்கள் 3,000க்கும் மேற்பட்டோரிடம் தகவல் திரட்டி 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு வருடத்துக்கும் குறைவாகப் பழகிவிட்டுத் திருமணத்துக்குச் சம்மதித்தவர்களோடு ஒப்பிட்டால், ஒன்று முதல் இரண்டு வருடம் பழகியவர்களுக்கு விவாகரத்து வாய்ப்பு ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு. மூன்று வருடமும் அதற்கு மேலும் பழகியவர்களுக்கு இன்னும் குறைவு. உடனே, 'அப்படியென்றால் ஆறு வருடம் காத்திருந்தால் இன்னும் நல்லதுதானே' என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. அது கல்யாணம் வரை வந்து சேர்ந்தவர்களை மட்டும் பார்த்த ஆய்வு. நான்கு வருடம் இழுத்தடித்துப் பிரிந்துபோனவர்கள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. தவிர, நிதானமாக முடிவெடுக்கிற சுபாவம் உள்ளவர்கள் கல்யாணத்துக்குப் பிறகும் நிதானமாகத்தான் இருப்பார்கள். பலன் காலத்தால் வந்ததா, சுபாவத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஒரு வருடம் என்ற கீழ்வரம்புக்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு. 1999இல் இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனட்டெல்லா மராத்சிட்டியும் அவருடைய குழுவும், புதிதாகக் காதலில் விழுந்த 20 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற ரசாயனத்தைக் கடத்தும் புரதத்தின் அளவு, எண்ணச் சுழல் நோய் (ஒரே எண்ணம் விடாமல் திரும்பத் திரும்ப வரும் OCD) உள்ளவர்களுக்கு இருப்பதைப் போலவே அவர்களுக்கும் குறைந்திருந்தது. 12 முதல் 18 மாதம் கழித்து அவர்களில் சிலரை மறுபடி சோதித்தபோது அளவு இயல்புக்குத் திரும்பியிருந்தது. சிறிய ஆய்வுதான், அதை வைத்து மாத நாள்காட்டி போட முடியாது. ஆனால் இந்த மயக்கத்துக்கு 'லிமரன்ஸ்' என்று பெயர் வைத்த உளவியலாளர் டோரதி டெனோவும், அது பெரும்பாலும் ஒன்றரை முதல் மூன்று வருடம் வரை நீடிக்கும் என்றே கணித்தார்.

இதன் நடைமுறை அர்த்தம் என்னவென்றால், முதல் எட்டு, பத்து மாதங்களில் நீங்கள் பார்க்கிற பொறுமையும் கனிவும் நடிப்பல்ல, ஆனால் நிரந்தரமும் அல்ல. நள்ளிரவு ஒரு மணிக்கு போன் செய்தாலும் சிரித்துக்கொண்டே எடுப்பவர், பதினெட்டாவது மாதத்தில் 'நாளைக்குப் பேசலாமா, தூக்கம் வருது' என்பார். அப்போது நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அதைப் பார்ப்பதற்கு முன்பே நிச்சயம் செய்துவிட்டால், பார்க்காததற்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

'ஏதோ பல வருடம் பழகின மாதிரி இருக்கு' என்ற உணர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1997இல் ஆர்தர் ஆரனும் சக ஆய்வாளர்களும் முன்பின் தெரியாதவர்களை ஜோடியாக உட்காரவைத்து, போகப்போக அந்தரங்கமாகிக்கொண்டே போகும் 36 கேள்விகளை 45 நிமிடத்தில் ஒருவரையொருவர் கேட்கச் சொன்னார்கள். சும்மா ஊர்க்கதை பேசியவர்களைவிட இவர்கள் தெளிவாகவே நெருக்கம் உணர்ந்தார்கள். நெருக்கத்தை முக்கால் மணி நேரத்தில் உண்டாக்கிவிடலாம். இந்த மனிதர் மாதக் கடைசியில் கையில் காசு இல்லாதபோது எப்படிப் பேசுவார் என்பது முக்கால் மணி நேரத்தில் தெரியாது.

சரி, எந்த நாளிலிருந்து எண்ணுவது? முதல் சந்திப்பிலிருந்தோ, ஆப்பில் முதல் மெசேஜ் வந்த நாளிலிருந்தோ அல்ல. 'நாம் இரண்டு பேர் மட்டும், வேறு யாரும் இல்லை' என்று வாய்விட்டுச் சொல்லி இருவரும் ஒப்புக்கொண்ட நாளிலிருந்து. ஐந்து வருட நட்பு காதலாக மாறியிருந்தால் கொஞ்சம் சலுகை உண்டு: அவர் நண்பர்களை எப்படி நடத்துகிறார், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாரா என்பதெல்லாம் ஏற்கெனவே தெரியும். ஆனால் பொறாமை, பணம், உடல் நெருக்கம், 'என்னைவிட வேலை முக்கியமா' வகைச் சண்டை, இவை நட்பில் எட்டிக்கூடப் பார்த்திருக்காது. அதனால் நட்பு எத்தனை வருடமானாலும் காதலுக்கென்று தனியாக ஒரு வருடமாவது வேண்டும்.

அடுத்தது மணிக்கணக்கு. வாரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் சந்திக்கிற ஜோடிக்கு வருடத்தில் 208 மணி நேரம் கிடைக்கிறது. அதாவது ஒன்பது நாளுக்கும் குறைவு. அதிலும் பாதி தியேட்டரிலும் ஹோட்டலிலும் போயிருக்கும். குளித்து, நல்ல உடை போட்டு, நல்ல மனநிலையில் வருகிற நான்கு மணி நேரம் அது. இப்படிப்பட்ட ஜோடிக்கு ஒன்றரை வருடம் போதாது. அல்லது சந்திப்பின் தன்மையை மாற்ற வேண்டும்: சேர்ந்து மளிகை வாங்குவது, ஒருவர் வீடு மாறும்போது மற்றவர் உதவுவது, ஒரே மேசையில் உட்கார்ந்து அவரவர் வேலையை மூன்று மணி நேரம் பேசாமல் பார்ப்பது. சலிப்பான ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தெரிவது பத்து டின்னரில் தெரியாது.

தொலைதூரக் காதலர்கள் இந்தக் கணக்கை இன்னும் கறாராகப் போட வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு நாள் என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு நாள். பன்னிரண்டுமே லீவு போட்டுக் கொண்டாடிய நாட்கள். லாரா ஸ்டாஃபோர்டும் ஆண்டி மெரோலாவும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தொலைவில் இருக்கும் ஜோடிகள் ஒருவரையொருவர் உயர்வாகக் கற்பனை செய்துகொள்வது அதிகம் என்று தெரிந்தது. அவர்களில் ஒரே ஊருக்கு வந்து சேர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் மூன்று மாதத்துக்குள் பிரிந்துவிட்டார்கள். ஆகவே, எத்தனை வருடம் போனில் பேசியிருந்தாலும், ஒரே ஊரில் தனித்தனி வீட்டில் மூன்று முதல் ஆறு மாதமாவது இருந்த பிறகு நிச்சயத்தைப் பேசுங்கள். அது முடியவே முடியாது என்றால் போகிற பயணங்களில் இரண்டையாவது பத்து நாளுக்கு நீட்டி, லீவு போடாமல், அங்கிருந்தே வேலை பார்த்து, சாதாரண வாரமாகக் கழியுங்கள். ஆறாம் நாள் மாலை, இருவருக்கும் வேலை அலுப்பு இருக்கும்போது யார் பாத்திரம் கழுவுகிறார் என்பதில் நிறையத் தெரிந்துவிடும்.

நாளையும் மணியையும் விட முக்கியமானது, எந்தெந்தச் சூழ்நிலையில் பார்த்திருக்கிறீர்கள் என்பது. என்னைக் கேட்டால் மாதத்தை எண்ணுவதைவிட இதை எண்ணுவதுதான் சரி. காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தபோது பார்த்திருக்கிறீர்களா? வேலையில் அடி வாங்கி வந்த நாளில்? நீங்கள் முடியாது என்று சொன்னபோது? அவருக்கு எந்தப் பயனும் இல்லாத மனிதர்களிடம், டெலிவரிக்கு வந்தவரிடம், வயதான உறவினரிடம் பேசும்போது? உங்களுக்கு ஒரு நல்ல செய்தி வந்து, அவருக்கு எதுவும் வராத வாரத்தில்? இவை தானாக நடக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்பதால்தான் காலக்கணக்கே வருகிறது. அவசரப்பட்டு இவற்றை நீங்களாக ஏற்பாடு செய்யாதீர்கள். வேண்டுமென்றே மெசேஜுக்குப் பதில் போடாமல் இருப்பது, பொய்யாக ஒரு கஷ்டத்தைச் சொல்லிப் பார்ப்பது போன்ற 'டெஸ்ட்' எல்லாம் தெரியவந்தால், பரீட்சையில் தோற்றது நீங்கள்தான்.

சண்டைக்கு மட்டும் தனி இடம் கொடுக்க வேண்டும். 'எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை' என்று பெருமையாகச் சொல்லும் ஜோடிகள், பெரும்பாலும் யாரோ ஒருவர் விழுங்கிக்கொண்டிருக்கும் ஜோடிகள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜான் காட்மேன் பல வருடம் தம்பதிகளைக் கவனித்ததில், அவர்கள் அடித்துக்கொள்ளும் பிரச்சினைகளில் 69 சதவீதம் கடைசிவரை தீராதவை என்று கண்டார். சுத்தம், செலவு, நேரம் தவறாமை, இரு வீட்டாரும் எவ்வளவு தலையிடலாம் என்பது மாதிரி. தீராத பிரச்சினையோடு எப்படி வாழ்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். சிபில் கரேரும் காட்மேனும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக மணமான 124 ஜோடிகளின் 15 நிமிட வாக்குவாதத்தில் முதல் மூன்று நிமிடத்தை வைத்தே, அடுத்த ஆறு வருடத்தில் யார் பிரிவார்கள் என்பதைப் பெருமளவு கணிக்க முடிந்தது.

ஒரு சண்டையை அருகில் வைத்துப் பார்ப்போம். ஒருவர் நாற்பது நிமிடம் தாமதமாக வருகிறார், சொல்லவும் இல்லை. காத்திருந்தவர், 'நாற்பது நிமிஷமா நிக்கிறேன், ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம்ல' என்று தொடங்கினால் பேச்சு அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றியது. 'நீ எப்பவுமே இப்படித்தான்' என்று தொடங்கினால் பேச்சு ஆளின் குணத்தைப் பற்றியதாகிவிட்டது, இனி தற்காப்புதான் வரும். அடுத்து பதிலைக் கவனியுங்கள். 'கிளம்பும்போதே சொல்லியிருக்கணும், தப்புதான்' என்பது ஒன்று. 'டிராஃபிக், நான் என்ன பண்ண' என்பது ஒன்று. 'சரி சரி, சாரி, போதுமா?' என்பது மன்னிப்பு போலத் தெரிந்தாலும் இரண்டாவதைவிட மோசம், அதில் இளக்காரம் இருக்கிறது. இளக்காரம் பிரிவை முன்கூட்டிக் காட்டும் அறிகுறிகளில் முதன்மையானது என்பது காட்மேனின் முடிவு. கண்ணை உருட்டுவது, மிமிக்ரி செய்து கேலி பண்ணுவது எல்லாம் இதில் சேர்த்தி.

சண்டை முடிந்த பிறகும் மூன்று விஷயம் பாருங்கள். மௌனம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது (சில மணி நேரம் சரி, நான்கு நாள் என்றால் அது தண்டனை), யார் முதலில் பேச வருகிறார் (ஒவ்வொரு தடவையும் ஒரே ஆள் என்றால் அந்த ஆள் சீக்கிரம் களைத்துவிடுவார்), அடுத்த முறை அதே விஷயத்தில் கொஞ்சமாவது மாற்றம் தெரிகிறதா. உருப்படியான சண்டை நான்கைந்தாவது வந்து, சமாதானமும் ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் நிச்சயம் சீக்கிரம்தான்.

எதிர்த்திசையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அமெரிக்க ஆய்வாளர் டெட் ஹஸ்டன் 1981இல் 168 புதுமணத் தம்பதிகளைத் தேர்ந்து, பதின்மூன்று வருடத்துக்கும் மேலாகப் பின்தொடர்ந்தார். பல வருடம் கழித்துப் பிரிந்தவர்களில் நிறையப் பேர் தொடக்கத்தில் மற்றவர்களைவிடக் கொஞ்சிக் குலாவியவர்கள். சண்டை கூடியதைவிட, அன்பு மளமளவென்று வடிந்ததுதான் அவர்கள் பிரிவுக்கு முன் தெரிந்த அறிகுறி. உச்சத்தில் இருக்கும்போது தேதி குறிப்பவர்களுக்கு இறங்குமுகம் எல்லாமே ஏமாற்றமாகத் தெரிகிறது.

பணப் பேச்சை ஒன்பதாவது மாதத்துக்கும் பன்னிரண்டாவது மாதத்துக்கும் இடையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் மிரட்சியாக இருக்கும், அதற்குப் பின்னால் தள்ளினால் 'இத்தனை நாள் கேட்காமல் இப்போது ஏன்' என்று ஆகிவிடும். ஆளுக்கொரு தாளில் இவற்றை எழுதுங்கள்: கைக்கு வரும் மாத வருமானம், மொத்தக் கடனும் மாதத் தவணையும், வீட்டுக்கோ உடன்பிறந்தவருக்கோ மாதாமாதம் அனுப்பும் தொகை, சேமிப்பு, வேறு யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதன் அளவு. கடைசி வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அடுத்தவர் கடனை என் கடன் என்று யாரும் நினைப்பதில்லை, அவர் கட்டாமல் விடும் வரைக்கும். தாளை மாற்றிக்கொண்டு படித்த பிறகு கேட்க வேண்டிய ஒரே கேள்வி: கேட்காமலே ஒருவர் எவ்வளவு வரை செலவு செய்யலாம்? இருவர் சொல்லும் தொகையும் ஒன்றுக்குப் பத்தாக இருந்தால், கல்யாணத்துக்குப் பிறகு மாதாமாதம் எதைப் பற்றிச் சண்டை வரும் என்பது இப்போதே தெரிந்துவிட்டது.

குழந்தை, வசிக்கும் ஊர், பெற்றோரைப் பார்த்துக்கொள்வது, வீட்டு வேலை, மத நம்பிக்கை, உடல்நல வரலாறு. இவற்றைப் பேசிவிட்டோம் என்று சொல்லும் பலர் உண்மையில் தொட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். 'குழந்தைன்னா பிடிக்குமா?' என்று கேட்டால் எல்லோருக்கும் பிடிக்கும். 'குழந்தைக்குக் காய்ச்சல், நம் இரண்டு பேருக்கும் அன்று முக்கியமான மீட்டிங், யார் லீவு போடுவது?' என்று கேளுங்கள். 'இயற்கையாகப் பிறக்காவிட்டால் சிகிச்சைக்கு எதுவரை போகலாம்?' என்று கேளுங்கள். பேசுவதற்கு முன் தனித்தனியாக எழுதிக்கொள்வது நல்லது. நேரில் பேசும்போது முதலில் சொன்னவர் பக்கம் மற்றவர் சாய்ந்துவிடுவார். மூன்று மாதம் கழித்து அதே கேள்விகளை மறுபடி எடுங்கள். பதில் மாறியிருந்தால் தவறில்லை, ஏன் மாறியது என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, 'பார்க்கலாம்' என்ற பதிலைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது. குழந்தை விஷயத்தில் 'பார்க்கலாம்' என்பது 'வேண்டாம்' என்பதற்கு மரியாதையான வடிவமாகவும் இருக்கக்கூடும்.

சேர்ந்து வாழ்ந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமே என்பார்கள். தெரியும்தான். ஆனால் டென்வர் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஸ்டான்லியும் கலீனா ரோட்ஸும் சுட்டிக்காட்டும் சிக்கல் வேறு: வாடகை மிச்சமாகும் என்று ஒரே வீட்டுக்கு வந்தவர்கள், பிறகு வீட்டு ஒப்பந்தம், பொதுவாக வாங்கிய சாமான், சேர்ந்து வளர்க்கும் நாய் என்று ஒவ்வொன்றாகப் பிணைந்து, வெளியே போவது கஷ்டமாகிவிட்டதாலேயே கல்யாணத்துக்குள் வழுக்கி விழுகிறார்கள். எங்கேயும் நின்று முடிவெடுக்கவில்லை. ஒரே வீட்டுக்கு வருவதாக இருந்தால், வருவதற்கு முன்பே 'இது நம்மை எங்கே கொண்டுபோகிறது' என்று பேசி, ஒரு பதிலுக்கு வந்திருங்கள். பணத்துக்காக மட்டும் என்றால், வேறு யாரோடாவது அறையைப் பகிர்ந்துகொள்வது மேல்.

மூன்று வருடம் தாண்டியவர்களுக்கு: காரணத்துக்கு ஒரு தேதி இருக்கிறதா? படிப்பு அடுத்த வருடம் முடிகிறது, கடன் பதினெட்டு மாதத்தில் அடைகிறது, இவையெல்லாம் தேதியுள்ள காரணங்கள், நிம்மதியாகக் காத்திருக்கலாம். 'செட்டில் ஆனதும்', 'மனசு தயாரானதும்' என்பவற்றுக்குத் தேதி கிடையாது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் தொடங்கிய காதலுக்கு இந்த விதி பொருந்தாது, அங்கே ஆறேழு வருடம் ஆவது சகஜம், ஆளே அப்போதுதான் உருவாகிறார். மற்றவர்கள், ஒரு வரம்பை மனதுக்குள் வைத்துக்கொண்டு நேராகக் கேட்டுவிடுவது நல்லது. 'இத்தனாம் தேதிக்குள் சொல்லாவிட்டால் அவ்வளவுதான்' என்று மிரட்டி வாங்கிய சம்மதம், முதல் பெரிய சண்டையிலேயே 'நீதானே அவசரப்படுத்தினாய்' என்று திரும்பி வரும்.

முதல் திருமணம் முடிந்து குழந்தைகளோடு இருப்பவர்களுக்குக் கூடுதல் காலம் தேவை. உறவு உறுதிப்படும் வரை, சில மாதங்களாவது, குழந்தைகளிடம் அறிமுகம் செய்ய வேண்டாம். அறிமுகத்துக்குப் பின் இன்னும் ஒரு வருடம் கொடுங்கள்.

எத்தனை வருடம் பழகினாலும் சரியாகாதவையும் உண்டு. கை ஓங்குவது, போனைச் சோதிப்பது, நண்பர்களிடமிருந்து ஒவ்வொருவராகப் பிரிப்பது, பணத்தில் திரும்பத் திரும்பப் பொய். இங்கே மாதக் கணக்கே கிடையாது, வெளியே வந்துவிடுங்கள். சந்தித்த இரண்டாவது மாதமே நிச்சயத்துக்கு நெருக்குவது தன்னளவில் குற்றமில்லை. ஆனால் 'கொஞ்சம் பொறு' என்று சொன்னதும் அன்பு கோபமாக மாறினால், பின்னால் வரப்போவதன் மாதிரி அது.

கடைசியாக, நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் இடைப்பட்ட காலம். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் சரியாக இருக்கும். ஆனால் அதைச் சோதனைக் காலமாக நினைத்துவிடாதீர்கள். அதற்குள் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது, பேச்செல்லாம் ஏற்பாடு, விருந்தாளிப் பட்டியல், செலவு என்றே போகும். இந்த நேரத்தில் வரும் சந்தேகத்தை 'எல்லோருக்கும் வருவதுதான்' என்று தட்டிவிடுவது வழக்கம். எல்லோருக்கும் வருவதுதான், ஆனால் தட்டிவிடக் கூடாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஜஸ்டின் லாவ்னரும் உடன் ஆய்வாளர்களும் 232 ஜோடிகளிடம் செய்த, 2012இல் வெளியான ஆய்வில், கல்யாணத்துக்கு முன் தயக்கம் இருந்ததாகச் சொன்ன பெண்களில் 19 சதவீதம் பேர் நான்கு வருடத்துக்குள் விவாகரத்து ஆகியிருந்தார்கள். தயக்கம் இல்லை என்றவர்களில் 8 சதவீதம். ஆண்களிடம் இது 14க்கு 9.

தயக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். 'அன்று கூட்டத்தில் நிற்க பயமாக இருக்கிறது', 'பழைய வாழ்க்கை போய்விடுமோ' என்பவை நிகழ்ச்சியைப் பற்றிய படபடப்பு, தானே அடங்கும். வாக்கியத்தில் அவர் பெயரும் ஒரு குறிப்பிட்ட நடத்தையும் வந்தால், அவரிடமே பேசுங்கள், இரண்டு வாரம் விட்டு மறுபடி பேசுங்கள், மூன்றாம் முறையும் அதே இடத்தில் நின்றால் ஜோடியாக ஓர் ஆலோசகரைப் பாருங்கள். அதன் பிறகும் தீரவில்லை என்றால் தேதியைத் தள்ளிப்போடுவது பெரிய குற்றமில்லை. முதலில் இருவரும் பேசி முடிவெடுத்து, பிறகு அவரவர் வீட்டில் அவரவரே சொல்லுங்கள். காரணத்தை ஒரே வரியில், இருவரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். மீண்டும் எப்போது முடிவெடுப்போம் என்ற தேதியையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். வெறுமனே 'கொஞ்ச நாள் போகட்டும்' என்றால் கேட்பவர்கள் அதை முறிவு என்றே எடுத்துக்கொண்டு, அன்று மாலையே இரண்டு வீட்டிலும் பஞ்சாயத்தைத் தொடங்கிவிடுவார்கள்.